மர்ம நாவல் படிப்பவர் குற்றவாளி அல்லர்

பூஜை விடுமுறை நெருங்கிவிட்டது. நான் ஆய்வு செய்யும் கொல்கத்தாவில் பல்கலைக்கழக வளாகங்கள் இன்னும் சில நாள்களில் ஆளரவம் அடங்கிவிடும். இந்நாள்களில் ஆய்வு மாணவர்கள் ஒருவரையொருவர் தவறாமல் கேட்டுக்கொள்ளும் கேள்வி, "விடுமுறையில் என்ன படிக்கப் போகிறீர்கள்?" என்பது. இதற்கு வரும் விடைகள் இரண்டு குரல்களில் அமைகின்றன. நெறியாளர் பரிந்துரைத்த கோட்பாட்டு நூல், பாதியில் நின்ற கட்டுரைத் தொகுப்பு, ஆய்வேட்டின் மூன்றாம் இயலுக்கு வேண்டிய வரலாற்று நூல் ஆகியவை உரத்த குரலில் சொல்லப்படுகின்றன. "ஒரு துப்பறியும் நாவலும் எடுத்து வைத்திருக்கிறேன், சும்மா பொழுதுபோக்குக்கு" என்பது தாழ்ந்த குரலில், மன்னிப்புக் கேட்கும் ஒரு சிரிப்போடு வருகிறது. இப்பதிவு அந்தத் தாழ்ந்த குரலைப் பற்றியது. அது தாழ வேண்டியதில்லை என்பது என் கருத்து.

இந்த வெட்கம் இயல்பானது என்று நினைப்பவர்களுக்கு வங்காளத்தின் பூஜை மலர்களை எடுத்துக்காட்டாகச் சொல்வேன். தமிழருக்குத் தீபாவளி மலர் எப்படியோ, வங்காளியருக்குத் துர்கா பூஜை மலர் அப்படி. ஆனால் இங்கே மலரின் முதன்மையான ஈர்ப்பு, ஒரே இதழில் முழுமையாக வெளியாகும் பல நாவல்கள். பண்டிகைக்குச் சில வாரங்களுக்கு முன்பே மலர்கள் கடைக்கு வந்துவிடுகின்றன. வீட்டில் யார் முதலில் படிப்பது என்ற போட்டியும் உடன் வந்துவிடுகிறது. அம்மலர்களில் மனித உறவுகளை நுணுகி ஆராயும் நாவலுக்குப் பக்கத்திலேயே துப்பறியும் நாவலும் இடம்பெறும். இரண்டுக்கும் நடுவில் சுவர் இல்லை. ஒரே ஓவியர் கூட்டம் படம் வரைகிறது. ஒரே வாசகர் இரண்டையும் படிக்கிறார். விடுமுறையும் மர்மக்கதையும் இணைவது அங்கே ஒரு பண்பாட்டு வழக்கம். அதற்கு எவரும் விளக்கம் கேட்பதில்லை.

அந்தச் சுவரின்மைக்குச் சத்யஜித் ரேயைவிடச் சிறந்த சான்று இல்லை. 1970ஆம் ஆண்டில் அவர் 'அரண்யேர் தின் ராத்ரி', 'பிரதித்வந்தி' என்னும் இரு படங்களை வெளியிட்டார். இரண்டும் இன்று உலகெங்கும் திரைப்படத் துறை மாணவர்களின் பாடங்கள். அதே ஆண்டின் 'தேஷ்' பூஜை மலருக்குக் 'காங்டோக்கில் குழப்பம்' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு துப்பறியும் நாவலையும் எழுதிக்கொடுத்தார். மறு ஆண்டு, 'சீமாபத்தா' படம் வந்த அதே 1971இல், 'சோனார் கேல்லா' நாவல் அம்மலரில் வெளியானது. வேலையில்லா இளைஞனின் சினத்தையும் பெருநிறுவன அதிகாரியின் வீழ்ச்சியையும் படமாக்கிக்கொண்டிருந்த அதே மனம், பொற்கோட்டையைத் தேடி இராஜஸ்தானுக்குப் போகும் ஒரு துரத்தல் கதையையும் எழுதியது. ஒன்று தம் உண்மையான பணி, மற்றது தம் பலவீனம் என்று அவர் நடந்துகொள்ளவில்லை. தம் தாத்தா 1913இல் தொடங்கிய 'சந்தேஷ்' சிறுவர் இதழுக்காக 1965இல் உருவாக்கிய ஃபெலூடா என்னும் துப்பறிவாளரை, தம் வாழ்நாள் முழுதும் கைவிடாமல் 35 கதைகளில் நடமாடவிட்டார்.

எழுதுபவருக்கு இல்லாத வெட்கம் படிப்பவருக்கு எங்கிருந்து வருகிறது? ஆய்வுலகில் நாம் படிக்கும் முறையிலிருந்து வருகிறது என்று நினைக்கிறேன். ஓர் ஆய்வாளர் நூலைக் கையில் எடுத்தால் முதலில் பொருளடக்கம், அடுத்து முன்னுரை, பிறகு முடிவுரை, அதன்பின் பொருளடைவில் தமக்கு வேண்டிய சொல் எந்தெந்தப் பக்கங்களில் வருகிறது என்ற தேடல் என்று போகிறார். கணினியில் கோப்பாக இருந்தால் அதுவும் வேண்டாம். தேடல் பெட்டியில் ஒரு சொல்லை இட்டால் போதும். நூல் என்பது மேற்கோள்கள் அடுக்கிவைக்கப்பட்ட ஒரு கிடங்கு. நாம் அதில் சரக்கெடுக்கப் போகிறோம். இம்முறையை நான் பழிக்கவில்லை. முந்நூறு தலைப்புகள் கொண்ட துணைநூற்பட்டியலை ஐந்து ஆண்டுகளில் கடப்பதற்கு வேறு வழியில்லை. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. "ஆய்வில் சேர்வதற்கு முன்பு நிறையப் படிப்பேன், இப்போது படிக்கவே முடிவதில்லை" என்று சொல்லும் ஆய்வாளர்கள் எத்தனை பேரை உங்களுக்குத் தெரியும்? எனக்குப் பலரைத் தெரியும். படிப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள், அத்தொழிலில் நுழைந்த பிறகு படிக்க முடியவில்லை என்கின்றனர். இதை நாம் சிரித்துக் கடந்துவிடுகிறோம். எனக்கு இது கவலை தருகிறது.

அவர்கள் இழந்தது நேரம் மட்டுமன்று. முதல் பக்கத்தில் தொடங்கிக் கடைசிப் பக்கம்வரை, அடுத்து என்ன வரும் என்று அறியாமல், ஆசிரியர் அழைத்துச் செல்லும் வழியில் நம்பிப் போகும் திறனையே அவர்கள் இழந்திருக்கிறார்கள். கையில் பென்சில் இல்லாமல் படிக்க முடியாத நிலை அது. இருபது பக்கத்துக்கு ஒருமுறை "இதை எங்கே பயன்படுத்தலாம்?" என்று மனம் குறுக்கிடும் நிலை அது.

மர்ம நாவல் இந்தக் குறுக்குவழிகளை எல்லாம் அடைத்துவிடுகிறது. முடிவுரையை முதலில் படித்தால் நூலே அழிந்துவிடும். பொருளடைவு கிடையாது. இடையில் நாற்பது பக்கங்களைத் தாண்டினால், தாண்டிய இடத்தில்தான் அந்தத் திறவுகோல் இருந்திருக்கும். அகதா கிறிஸ்டி 1926இல் வெளியிட்ட 'தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்' நாவலைப் படித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். அதன் கடைசி இயலை முடித்தவுடன் கை தானாக முதல் இயலுக்குத் திரும்புகிறது. நாம் கவனமாகப் படித்ததாக நினைத்த வாக்கியங்கள் நம் கண்முன்னே வேறு பொருள் கொள்கின்றன. பக்க வரிசையில் படித்தவர்க்கு மட்டுமே கிடைக்கும் பரிசு அது. படிக்காதவர்களுக்காக இதற்குமேல் ஒரு சொல்லும் சொல்லமாட்டேன். முடிவைச் சொல்லாதிருப்பது மர்மக்கதை வாசகரின் அறம். ஆய்வுச் சுருக்கத்தின் முதல் வரியிலேயே முடிவைச் சொல்லப் பழகிய நமக்கு அது ஒரு நல்ல மாற்றம்.

இவ்வகைக் கதைகளின் வேகம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வேகம் என்றால் எளிமை என்று கருதும் பழக்கம் நம்மிடம் உண்டு. வேகமாகப் படிக்கத்தக்கதாக எழுதுவது மிகக் கடினமான வேலை. ஓர் ஐயம் தீரும் இடத்திலேயே அடுத்த ஐயம் பிறக்க வேண்டும். வாசகருக்கு எல்லாத் தகவலையும் கொடுக்க வேண்டும். ஆனால் எது தகவல், எது வெறும் காட்சி என்று அவருக்குத் தெரியக்கூடாது. துப்பறிவாளரின் மனத்துக்குள் நம்மை விடாமல், அவருக்குப் பக்கத்தில் நிற்பவரின் கண்ணால் கதையைச் சொல்வது இதற்கான பழைய உத்தி; எட்கர் ஆலன் போ 1841இலேயே அதைக் கையாண்டார். ஃபெலூடா கதைகளில் அந்த இடத்தில் நிற்பவன் தோப்ஷே என்னும் பதின்வயதுத் தம்பி. அவன் எல்லாவற்றையும் பார்க்கிறான். அவற்றின் பொருள் மட்டும் அவனுக்குத் தாமதமாகவே விளங்குகிறது. அவனோடு நாமும் லக்னோவின் இமாம்பாடாவில், காங்டோக்கின் மலைப்பாதையில், வாரணாசியின் படித்துறையில் நடக்கிறோம். பூஜைக் காலத்து வாரணாசியில் நிகழும் 'ஜொய் பாபா ஃபெலுநாத்' 1975இன் பூஜை மலரிலேயே வெளியானது என்பதை நினைத்துப் பாருங்கள். வீட்டில் விடுமுறை, கதைக்குள்ளும் விடுமுறை!

மாற்றுக் கருத்துகளையும் எதிர்கொள்ள வேண்டும். முதலாவது, தரம் பற்றியது. அமெரிக்கத் திறனாய்வாளர் எட்மண்ட் வில்சன், ரோஜர் அக்ராய்டைக் கொன்றவர் யாராக இருந்தால் நமக்கென்ன என்று கேட்கும் தலைப்பில் 1945இல் 'நியூயார்க்கர்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். துப்பறியும் நாவல் படிப்பது, புகைப்பிடிப்பதற்கும் குறுக்கெழுத்துப் புதிருக்கும் இடையில் வைக்கத்தக்க ஒரு சிறு தீப்பழக்கம் என்பது அவர் தீர்ப்பு. அவர் கூறியதில் உண்மை இல்லாமல் இல்லை. மோசமான உரைநடை, அட்டையில் வெட்டிய பாத்திரங்கள், விடை தெரிந்ததும் உதிர்ந்துவிடும் கதை ஆகியவை இத்துறையில் மிகுதி. ஆனால் மோசமான கவிதைகளைக் காட்டிக் கவிதையைத் தள்ளுபடி செய்பவர் எவரும் இல்லையே. மர்ம நாவலை மட்டும் அதன் கீழ்த்தளத்தைக் கொண்டு அளப்பது எந்த நியாயம்?

இரண்டாவது தடை நண்பர்களிடமிருந்து வருவது. எனக்கு அதுவே அதிகத் தொல்லை தருகிறது. மர்ம நாவலைக் காப்பாற்றுவதற்காக அவர்கள் அதற்குச் சான்றிதழ் வாங்கித் தருகின்றனர். தத்துவ அறிஞர் விட்கென்ஸ்டைன் அமெரிக்கத் துப்பறியும் இதழ்களுக்கு அடிமையாக இருந்தாராம். குறியியல் பேராசிரியரான உம்பர்ட்டோ எக்கோவே 1980இல் ஒரு மர்ம நாவல் எழுதினாராம். வரலாற்றறிஞர் கார்லோ கின்ஸ்பர்க், ஷெர்லாக் ஹோம்ஸின் தடயம் தேடும் முறையையும் ஃப்ராய்டின் முறையையும் ஓவிய ஆய்வாளர் மொரெல்லியின் முறையையும் ஒரே மரபில் வைத்து 1979இல் புகழ்பெற்ற கட்டுரை எழுதியிருக்கிறாராம். ஆகவே துப்பறியும் நாவல் படிப்பது ஆய்வுமுறைப் பயிற்சியாம்! இவை எல்லாம் உண்மை. கின்ஸ்பர்கின் கட்டுரையை ஒவ்வோர் ஆய்வாளரும் படிக்க வேண்டும் என்றும் சொல்வேன். ஆனால் இந்த வாதத்தை ஏற்றுக்கொண்டால் என்ன ஆகிறது? விடுமுறையும் அலுவலகத்தின் ஒரு கிளையாகிவிடுகிறது. மகிழ்ச்சிக்கு ஒரு பயன் கண்டுபிடித்த பிறகுதான் மகிழலாம் என்பது, மகிழ்ச்சியை நம்பாதவர்களின் கூற்று.

அன்றியும், ஆய்வும் துப்பறிதலும் ஒன்று என்பது முழு உண்மையும் அன்று. ஷரதிந்து பந்தோபாத்யாய் 1932இல் படைக்கத் தொடங்கிய பியோம்கேஷ் பக்ஷி, தம்மைத் துப்பறிவாளர் என்று அழைப்பதை விரும்பாமல் 'சத்யான்வேஷி', அதாவது உண்மையைத் தேடுபவர், என்றே சொல்லிக்கொள்வார். ஆய்வாளர் எவருக்கும் பிடிக்கும் பெயர் அது. ஆனால் பியோம்கேஷுக்கு ஒரு வசதி இருக்கிறது. அவர் தேடும் உண்மை அந்தக் கதைக்குள் உறுதியாக இருக்கிறது. அதை ஒளித்துவைத்தவர் ஒருவர் உண்டு. இன்னும் சில பத்துப் பக்கங்களில் அது வெளிப்பட்டே தீரும். நம் ஆய்வுக்கு அப்படி எந்த உறுதிமொழியும் இல்லை. நாம் கேட்ட கேள்விக்கு விடை இருக்கிறதா என்பதே நமக்குத் தெரியாது. நான்கு ஆண்டுகள் ஆவணக் காப்பகத்தில் அமர்ந்த பிறகு, வேண்டிய கோப்பு கரையானுக்கு இரையாகிவிட்டது என்று தெரியவரலாம். விடை கிடைத்தாலும், அது விடைதானா என்பதை மூன்று மதிப்பீட்டாளர்கள் மூன்று விதமாகச் சொல்லலாம்.

இங்குதான் மர்ம நாவல் நமக்குத் தரும் ஓய்வின் தன்மை தெளிவாகிறது. மாலையில் தொடங்கிய ஒரு கேள்விக்கு நள்ளிரவுக்குள் விடை கிடைத்துவிடுகிறது. சிதறிக் கிடந்தவை ஒன்றுசேர்கின்றன. தொடங்கிய ஒன்று முடிகிறது. ஆண்டுக்கணக்கில் எதையும் முடிக்காமல், முடிக்காமலிருப்பதையே வாழ்முறையாகக் கொண்ட ஒருவருக்கு, ஒன்றை முழுமையாக முடித்துவிட்டு விளக்கணைத்துப் படுப்பது எவ்வளவு பெரிய நிறைவு என்பதை முனைவர் பட்ட ஆய்வின் நான்காம் ஐந்தாம் ஆண்டுகளில் இருப்பவர்கள் அறிவார்கள். உதவித்தொகை தாமதமாகும் மாதங்களும், "எப்போது முடிப்பாய்?" என்னும் வீட்டாரின் தொலைபேசிக் கேள்வியும் மனத்தை அரிக்கும் நாள்களில், இந்நிறைவைச் சிறியது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மேலும், பியோம்கேஷ் கதைகள் சிலவற்றில் உண்மை வெளிப்பட்ட பின்பும் சட்டமும் நீதியும் ஒரே பாதையில் போவதில்லை. விடை கிடைத்த பிறகும் கேள்வி மிஞ்சுகிறது. நல்ல மர்ம நாவல் நம்மை ஏமாற்றித் தூங்கவைப்பதில்லை.

இன்னொன்றையும் ஆசிரியப் பணிக்குச் செல்லவிருப்பவர்கள் கருத வேண்டும். இந்நாட்டில் வாசகர்களைப் பெரும் எண்ணிக்கையில் உருவாக்கியவை பெரும்பாலும் விரைந்து படிக்கத் தூண்டிய கதைகள்தாம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெளியான தேவகி நந்தன் கத்ரியின் 'சந்திரகாந்தா'வைப் படிப்பதற்காகவே பலர் இந்தி எழுத்தைக் கற்றனர் என்று இந்தி இலக்கிய வரலாறுகள் மீண்டும் மீண்டும் குறிப்பிடுகின்றன. 1952இல் அலகாபாத்தில் இப்னே சஃபி தொடங்கிய 'ஜாசூசி துனியா' தொடர், பிரிவினையின் புண் ஆறாத நாள்களில் எல்லையின் இருபுறமும் உருது வாசகர்களைப் பெற்றது. தமிழில் பேருந்து நிலையக் கடைகளில் தொங்கிய மாத நாவல்கள் எத்தனை வீடுகளுக்கு முதல் அச்சுப் புத்தகமாகப் போயின என்பது தமிழ் வாசகர்களுக்குத் தெரியாததன்று. என் வகுப்புத் தோழர்களுள் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பலர், அந்த மெல்லிய தாள்களில்தான் நீண்ட வாசிப்பைக் கற்றனர். பின்னர் அவர்கள் கோட்பாட்டு நூல்களுக்கு வந்தனர். வந்த வழியை மறைக்கும்படி அவர்களை வெட்கப்படவைப்பது, நாம் பேசும் சமத்துவத்துக்கே முரணானது.

குறைகள் இல்லையா? உண்டு. ஃபெலூடாவின் உலகில் பெண்கள் ஏறத்தாழ இல்லை. சிறுவர் இதழுக்கு எழுதப்பட்டவை என்பது ஒரு காரணம். அது முழுக் காரணம் ஆகாது. ஒரு சமூகத்தாரையே குற்றவாளியின் முகமாகக் காட்டி விற்கும் மர்ம நாவல்களும் உலகெங்கும் உண்டு. மகிழ்ந்து படிப்பது என்றால் கண்ணை மூடிக்கொண்டு படிப்பது என்று பொருளில்லை. ஒரு பக்கம் நம்மை உறுத்தினால் உறுத்தட்டும். ஆனால் முதலில் வாசிப்பு, அதன்பின் விமர்சனம் என்ற வரிசையைக் காப்போம். படிக்கத் தொடங்கும் முன்பே கூண்டில் ஏற்றப்பட்ட நூல் நம்மிடம் எதையும் பேசாது.

இவ்விடத்தில் 'சோனார் கேல்லா'வில் அறிமுகமாகும் லால்மோகன் கங்கூலி என்னும் பாத்திரத்தை நினைவூட்ட விரும்புகிறேன். 'ஜடாயு' என்ற புனைபெயரில் பரபரப்பு நாவல்கள் எழுதிக் குவிப்பவர் அவர். நூல்கள் நன்றாக விற்கின்றன. உள்ளே தகவல் பிழைகள் மலிந்திருக்கின்றன. ஒட்டகம் நீரின்றித் தாக்குப்பிடிப்பது எப்படி என்பதைத் தவறாக எழுதியிருந்த அவரை ஃபெலூடா திருத்துகிறார். ஆனால் இகழ்ந்து ஒதுக்குவதில்லை. அக்கதைக்குப் பின் அவர் இணைபிரியாத நண்பராகிறார். கூர்மதி கொண்ட துப்பறிவாளரும், பள்ளிச் சிறுவனும், வெகுசன எழுத்தாளரும் ஒரே பச்சை நிற அம்பாசிடர் காரில் பயணம் போகின்றனர். ஜடாயு இல்லாத ஃபெலூடா கதைகளில் அறிவு குறையவில்லை, சிரிப்புக் குறைகிறது. கல்விப்புலம் வெகுசன எழுத்தோடு கொள்ளத்தக்க உறவுக்கு இதைவிட நல்ல வடிவம் எனக்குத் தெரியவில்லை. பிழையைத் திருத்துவோம், காரில் இடமும் கொடுப்போம்.

ஆகவே நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இவ்விடுமுறையில் ஒரே ஒரு நூலையாவது துணைநூற்பட்டியலில் சேர்க்காமல் படியுங்கள். வங்காளம் தெரிந்தவர்கள் மூலத்திலும், மற்றவர்கள் ஆங்கிலத்திலோ தமிழிலோ கிடைக்கும் மொழிபெயர்ப்பிலும் ஃபெலூடாவைத் தொடங்கலாம், பியோம்கேஷிடமும் போகலாம், உங்கள் ஊர்க் கடையில் தொங்கும் மாத நாவலும் ஆகும். அடிக்கோடு இடாதீர்கள். மேற்கோளுக்குப் பக்க எண் குறிக்காதீர்கள். குற்றவாளி யாரென்று ஊகித்துத் தோற்றுப்போங்கள். தோற்பது இங்கே இன்பம். நெறியாளர்களுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு: விடுமுறை முடிந்து வரும் மாணவரிடம் எத்தனை பக்கம் எழுதினாய் என்று கேட்பதற்கு முன், என்ன படித்து மகிழ்ந்தாய் என்று ஒருமுறை கேளுங்கள். அவர் மர்ம நாவலின் பெயரைச் சொன்னால், யார் கொன்றது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நூலை இரவல் வாங்கிக்கொள்ளுங்கள்.